ஆளில்லா மலைநிலம்: ‘அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி’ நிகழ்பட விளையாட்டின் நிறைகுறைகள் – ஒரு திணை நோக்கு

முன்னுரை

தமிழ்த் திறனாய்வு நாவல், சிறுகதை, புதுக்கவிதை, நாடகம் எனக் காலந்தோறும் தன் எல்லையை விரித்து வந்துள்ளது. திரைப்படத்தை ஆய்வுப் பொருளாக ஏற்கத் தமிழ்த் துறைகள் தயங்கிய காலம் ஒன்று இருந்தது. இன்று அத்தயக்கம் பெரிதும் நீங்கிவிட்டது. ஆயினும், வீடியோ கேம் என வழக்கில் வழங்கும் நிகழ்பட விளையாட்டினைப் பற்றி நம் ஆய்விதழ்கள் இன்னும் வாய் திறக்கவில்லை என்றே கூற வேண்டும். மாணவர்களின் நேரத்தைப் பாழாக்கும் ஒன்று என்ற அளவில் அதனைக் கண்டிப்பதோடு நம் கடமை முடிந்துவிடுவதாகக் கருதுகிறோம். ஒரு படைப்பைப் படிக்காமலே கண்டிப்பது திறனாய்வு ஆகாது.

நிகழ்பட விளையாட்டு வகைகளுள் ‘திறந்தவுலக விளையாட்டு’ என்பது இன்று முதன்மை பெற்று விளங்குகிறது. ஆடுபவர் ஒரே வழியில் நடத்திச் செல்லப்படாமல், பரந்த நிலப்பரப்பு ஒன்றில் தாம் விரும்பிய திசையில் சென்று, விரும்பிய வரிசையில் செயல்களை முடிக்க இவ்வகை இடமளிக்கிறது. 2001-இல் வெளிவந்த ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3’ இவ்வகையைப் பரவலாக்கியது. 2017-இல் வெளிவந்த ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்’, 2018-இல் வெளிவந்த ‘ரெட் டெட் ரிடெம்ப்சன் 2’ ஆகியன இதன் உச்சங்களாகப் போற்றப்படுகின்றன.

இவ்வகை விளையாட்டின் அடிப்படை நிலம் ஆகும். நிலத்தை முதற்பொருளாகக் கொண்டு இலக்கியக் கோட்பாடு வகுத்த மரபினர் நாம். எனவே, திறந்தவுலக விளையாட்டைப் பற்றிப் பேசுவதற்குத் தமிழ்க் கல்வியாளருக்குத் தகுதி உண்டு, கடமையும் உண்டு. அவ்வகையில், தென்னிந்திய மலைநிலத்தைக் களமாகக் கொண்ட ‘அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி’ என்னும் விளையாட்டின் நிறைகுறைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சிலாங்கூர் மாநிலத்தின் கோல சிலாங்கூர் மாவட்டத்தில் அமைந்துள்ள அசாம் ஜாவா வட்டாரத்தில், முன்னாள் தோட்டத் தொழிலாளர் குடும்பம் ஒன்றில் இவ்விளையாட்டு ஆடப்படுவதை நாம் உடனிருந்து கண்டோம். அங்கு எழுந்த ஒரு கேள்வியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

விளையாட்டின் கதையும் களமும்

இவ்விளையாட்டை அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இயங்கும் நாட்டி டாக் நிறுவனம் உருவாக்கியது. சோனி நிறுவனம் 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிளேஸ்டேசன் 4 கருவிக்காக இதனை வெளியிட்டது. 2022-இல் இது செம்மைப்படுத்தப்பட்டு பிளேஸ்டேசன் 5 கருவிக்கும் கணினிக்கும் வந்தது. கர்ட் மார்கெனோ, ஷான் எஸ்கேக் ஆகிய இருவரும் இதன் இயக்குநர்கள். கதையை எஸ்கேக்கும் ஜோஷ் ஷெர்ரும் எழுதினர். எஸ்கேக் டிரினிடாட் நாட்டில் பிறந்தவர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர்தம் வழியினர் பெருந்தொகையாக வாழும் நாடு அது.

கதையின் தலைவி குளோயி ஃபிரேசர். தந்தை இந்தியர், தாய்வழி ஆஸ்திரேலியத் தொடர்பு உடையவள். ஹொய்சளர் மறைத்து வைத்ததாகக் கூறப்படும் விநாயகரின் தந்தத்தைத் தேடி அவள் இந்தியாவுக்கு வருகிறாள். அத்தந்தத்தைத் தேடுவதிலேயே வாழ்நாளைக் கழித்து உயிரிழந்தவர் அவளுடைய தந்தை. அவளுக்குத் துணையாக வருபவள் தென்னாப்பிரிக்கப் போர்வீராங்கனை நாடின் ராஸ். இவ்விருவருக்கும் எதிரியாக நிற்பவன் உள்நாட்டுக் கலகப் படையொன்றின் தலைவனான அசவ்.

ஒன்பது இயல்களாக அமைந்த இவ்விளையாட்டு முழுமையான திறந்தவுலக விளையாட்டு அன்று என்பதை முதலிலேயே தெளிவுபடுத்துதல் வேண்டும். போரில் சிக்கிய நகரொன்றின் சந்தையில் தொடங்கும் கதை, பெரும்பகுதி ஒற்றை வழியிலேயே செல்கிறது. ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ எனப் பெயர் பெற்ற நான்காம் இயல் மட்டுமே திறந்த நிலப்பரப்பாக அமைக்கப்பட்டுள்ளது. எனினும், அவ்வோர் இயல் பல மணி நேரம் நீள்வது. ஒற்றை வழிக் கதைகளுக்குப் பெயர் பெற்ற ஒரு நிறுவனம், தன் கதையின் நடுவே ஒரு மலைநாட்டையே திறந்துவைக்க முயன்றது என்பதே இதன் சிறப்பு. இவ்விளையாட்டின் வெற்றியும் தோல்வியும் அவ்வியலிலேயே பெரிதும் வெளிப்படுகின்றன.

நிறைகள்

முதலாவதாக, நிலத்தைக் கற்பிக்கும் முறையைக் குறிப்பிடலாம். நான்காம் இயலில் ஆடுபவர் நடுவிலுள்ள உயர்ந்த கோபுரம் ஒன்றின்மீது ஏறி, நாற்புறமும் நோக்கி, தொலைவில் தெரியும் கோட்டைகளை இனங்காண வேண்டும். குளோயி தன் கையிலுள்ள தாள் வரைபடத்தில் அவற்றைக் குறித்துக்கொள்கிறாள். பிற விளையாட்டுகள் பலவற்றில் திரையின் மூலையில் ஓர் அம்புக்குறி வழிகாட்டிக்கொண்டே இருக்கும். ஆடுபவர் நிலத்தைப் பாராமல் அம்பையே பார்த்துச் செல்வார். இங்கோ, அருவி எது, பாறை எது, எந்தச் சேற்றுவழி ஜீப்பு வண்டி ஏறத்தக்கது என நிலத்தையே படித்தறிய வேண்டியுள்ளது. மூன்று கோட்டைகளை எவ்வரிசையிலும் காணலாம். பதினொரு ஹொய்சள வில்லைகளைத் தேடிச் சேர்ப்பது கட்டாயமன்று, விரும்புவோர் சேர்க்கலாம். விருப்பத்தால் நிலத்தோடு உறவாடும் வாய்ப்பு இதனால் கிட்டுகிறது.

இரண்டாவதாக, கதைமாந்தர் படைப்பு. புதையல் தேடும் வீரசாகசக் கதைகள் காலங்காலமாக ஆடவர் கதைகளாகவே இருந்து வந்துள்ளன. இவ்விளையாட்டிலோ இரு பெண்கள் தலைமை ஏற்கின்றனர். அவர்களுள் எவரும் மற்றவரின் நிழலாக இல்லை. வண்டியோட்டத்தினூடே நிகழும் உரையாடல்களே இவர்தம் உறவை வளர்க்கின்றன. ஐயத்தில் தொடங்கும் உறவு சினத்தைக் கடந்து நம்பிக்கையில் முடிகிறது. ஓரிடத்தைக் கண்டதும் குளோயிக்குத் தந்தையின் நினைவு எழுகிறது. அதனை அவள் நாடினிடம் சொல்லத் தொடங்குகிறாள். இடம் பேச்சைத் தூண்டுகிறது. பேச்சு மனத்தைத் திறக்கிறது. அக இலக்கியத்தில் தோழியின் பங்கினை அறிந்த நமக்கு இவ்வமைப்பு அந்நியமாகத் தோன்றவில்லை.

மூன்றாவதாக, தொன்மத்தைக் கையாண்டிருக்கும் திறம். விநாயகர் ஒற்றைக் கொம்பர் ஆனதற்குப் பல கதைகள் உண்டு. பாரதம் எழுதுவதற்காகத் தாமே கொம்பை ஒடித்துக்கொண்டார் என்பது நம்மிடையே மிகுதியும் வழங்கும் கதை. இவ்விளையாட்டு பரசுராமன் கதையைத் தேர்ந்துகொண்டுள்ளது. சிவபெருமான் அளித்த கோடரியைப் பரசுராமன் வீசுகிறான். தந்தையின் படைக்கலம் பழுதாகக் கூடாது என்று விநாயகர் அதனைத் தம் கொம்பில் ஏற்கிறார். தந்தையின்பொருட்டு ஓர் இழப்பை ஏற்ற மகனின் இக்கதை, தந்தையின் தேடலால் தந்தையையே இழந்த மகளின் கதைக்குப் பின்புலமாக அமைகிறது. தொன்மம் வெறும் அலங்காரமாக நில்லாமல் கதையின் உட்பொருளோடு இயைந்திருப்பது பாராட்டத்தக்கது. இறுதி இயலில், வெடிகுண்டேந்தி நகரை நோக்கி விரையும் தொடர்வண்டியைத் தடுப்பதா, கிடைத்த தந்தத்தோடு தப்புவதா என்ற நிலை வருகிறது. தந்தை செய்யாத தேர்வினை மகள் செய்கிறாள். பொருளினும் மக்களுயிர் பெரிது என்ற அறம் ஆங்கு நிலைநாட்டப்படுகிறது.

ஒளி, நீர், பாசி படர்ந்த கல் ஆகியவற்றின் காட்சியமைப்பைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. காண்போர் அனைவரும் ஒப்புவர்.

அசாம் ஜாவாவில் எழுந்த கேள்வி

அசாம் ஜாவாவைச் சூழ்ந்துள்ள நிலமும் ஒருவகையில் உருவாக்கப்பட்ட உலகமே ஆகும். அதற்கு அண்மையிலுள்ள பெஸ்தாரி ஜெயா 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை என்றே வழங்கியது. அங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபொக்கோனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீட்டைத் தொடங்கினார். அவர் எழுதிய ‘மலேசி’ என்னும் நாவல் 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. ஆக, இம்மாவட்டம் ஐரோப்பியக் கண்ணால் ஏட்டிலும் எழுதப்பட்டது; நிலத்திலும் எழுதப்பட்டது. ஒரு ஹெக்டருக்கு ஏறத்தாழ 136 முதல் 148 மரங்கள் என அளந்து நட்ட செம்பனை வரிசைகள், கட்டங்களைப் பிரிக்கும் செம்மண் சாலைகள், குன்றின்மேல் தொரை பங்களா, தாழ்நிலத்தில் லயங்கள் ஆகியவை அத்திட்டத்தின் கூறுகள். பின்னாளில் தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன, வீடமைப்புப் பகுதிகளாயின. 2011-இல் திறக்கப்பட்ட லாத்தார் நெடுஞ்சாலை இவ்வட்டாரத்தைத் தலைநகரோடு இணைத்தது. லயங்களில் வாழ்ந்தோர் தாமானுக்குப் பெயர்ந்தனர். மரங்கள் நிற்கின்றன, அவற்றை நட்டவர்கள் அங்கு இல்லை.

அத்தகைய தாமான் வீடொன்றில் ஐந்தாம் படிவ மாணவர் ஒருவர் இவ்விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தார். கோயில் கோபுரங்களும் விநாயகர் சிலையும் திரையில் தோன்றியபோது, “நம்ம ஊரு சாமி சார்!” என்று அவர் பெருமிதத்தோடு நமக்குக் காட்டினார். உலகெங்கும் ஆடப்படும் விளையாட்டொன்றில் தன் வழிபாட்டுக்குரிய உருவைக் கண்ட மகிழ்ச்சி அது. அம்மகிழ்ச்சியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

அவருடைய பாட்டி அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இளமையில் கித்தாக் காட்டில் பால் வெட்டியவர். ஜீப்பு வண்டி மலைச்சாலையில் நெடுநேரம் ஓடியதைக் கண்டபின் அவர் கேட்டார்: “ஏன்யா, இம்மாம் பெரிய காட்டுல ஒரு லயங்கூடக் கண்ணுல படலையே. இந்த ரோட்ட யாரு போட்டது?”

பேரன் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் விடை கூறினார்: “பாட்டி, இதுல ஆளுங்க வந்தா எல்லாம் எனிமி. பார்த்தா சுடணும்.”

இவ்வுரையாடலை வேடிக்கையாகக் கொண்டு கடந்து செல்ல நம்மால் இயலவில்லை. இவ்விளையாட்டின் தலையாய குறையை அவ்விருவரும் தம்மையறியாமலே சுட்டிவிட்டனர் எனலாம்.

குறைகள்

மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளமுடையது. 2012-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அது மக்களற்ற காடு அன்று. பழங்குடியினர் வாழும் காடு. காப்பியும் தேயிலையும் மிளகும் விளையும் மலை. ஹொய்சளரின் பேலூர் அமைந்த ஹாசன் மாவட்டத்திலேயே சக்லேஷ்பூர்க் காப்பித் தோட்டங்கள் உள்ளன. அம்மலைத்தொடரின் மேற்குச் சரிவில், தென்கன்னட மாவட்டத்துச் சுள்ளியா, புத்தூர் வட்டாரங்களில், 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர்கள் இரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். அசாம் ஜாவாப் பாட்டி செய்த அதே வேலையை, விளையாட்டு காட்டும் அதே மலையில், தமிழ்ப் பெண்கள் செய்து வந்துள்ளனர். அப்பாட்டியின் கண்கள் லயத்தைத் தேடியது அறியாமையால் அன்று. அவர் தேடியது அங்கு உண்மையிலேயே இருக்கிறது.

விளையாட்டிலோ, நான்காம் இயலின் பரந்த வெளியில் தலைவியரையும் எதிரிப் படையினரையும் தவிர எவரும் இல்லை. ஊர் இல்லை, வயல் இல்லை, சந்தை இல்லை, பூசை நடக்கும் கோயில் இல்லை. முதல் இயலின் நகரச் சந்தையில் மீனு என்னும் சிறுமியும் பிற மக்களும் வருகின்றனர். நிறைவில் மீனு மீண்டும் தலைகாட்டுகிறாள். ஆகவே, மக்களைப் படைக்கும் திறன் இப்படைப்பாளருக்கு இல்லாமலில்லை. நகரத்தில் மக்கள் உண்டு, மலையில் இல்லை என்பது அவர்தம் தேர்வு. நடுக்கோபுரத்தின் உச்சியிலிருந்து நிலத்தை அளக்கும் பார்வையும் குன்றின்மேல் பங்களாவிலிருந்து தோட்டத்தை அளந்த பார்வையும் ஒன்றுபோலவே அமைகின்றன. இரண்டிற்கும் நிலம் என்பது எடுத்துக்கொள்ள வேண்டிய பொருள் இருக்கும் இடமாகும்.

அடுத்த குறை வரலாறு பற்றியது. ‘தொலைந்த மரபு’ என்பது இவ்விளையாட்டின் பெயர்ப் பொருள். காட்டுக்குள் மறைந்த பெருநகர், வெளியிலிருந்து வருபவர் அதனைக் கண்டெடுத்தல் என்னும் அமைப்பு, 1885-இல் ரைடர் ஹேகார்ட் எழுதிய ‘கிங் சாலமன்ஸ் மைன்ஸ்’ போன்ற ஆங்கிலேயப் பேரரசுக் கால நாவல்களிலிருந்து வருவது. ஹொய்சளர் மரபு தொலைந்து போகவில்லை. 1117-இல் விஷ்ணுவர்த்தனன் எடுப்பித்த பேலூர்ச் சென்னகேசவர் கோயிலில் இன்றும் வழிபாடு நிகழ்கிறது. பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரம் ஆகிய மூவூர்க் கோயில்கள் 2023-இல் உலக மரபுச் சின்னங்களாயின. தமிழகத்திற்கும் ஹொய்சளர்க்கும் உள்ள தொடர்பு நெருக்கமானது. மூன்றாம் இராசராச சோழனைக் கோப்பெருஞ்சிங்கனின் சிறையிலிருந்து மீட்டவன் ஹொய்சள மன்னன் இரண்டாம் நரசிம்மன். அவன் மகன் சோமேசுவரன் திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள கண்ணனூரைத் தலைநகராகக் கொண்டிருந்தான். ஹொய்சளர்தம் தமிழ்க் கல்வெட்டுகள் பல உள்ளன. கல்லில் எழுதப்பட்டு, மக்கள் வழிபட்டு வரும் ஒன்றைத் தொலைந்தது என்பது, யாருக்குத் தொலைந்தது என்ற வினாவை எழுப்புகிறது.

கலை பற்றிய குறையும் இதனோடு தொடர்புடையது. ஹொய்சளக் கலையின் உயிர் நுண்மையில் உள்ளது. மென்மையான மாக்கல்லில் நகைவேலைப்பாடு போலச் செதுக்கப்பட்ட யானை வரிசைகளும் நட்சத்திர வடிவ மேடைகளும் மனிதர் அருகில் நின்று காணத்தக்க அளவின. விளையாட்டோ மலையளவு சிலைகளையும் பெருங்கோட்டைகளையும் எழுப்பி, அவற்றுக்கு ஹொய்சளர் பெயரைச் சூட்டியுள்ளது. ஏறுவதற்கும் தாவுவதற்கும் பெருஞ்சிலைகள் தேவை என்பது விளையாட்டின் கட்டாயமாக இருக்கலாம். ஆனால், அக்கட்டாயம் ஒரு கலைமரபின் இயல்பையே தலைகீழாக்கிவிடுகிறது. ஹொய்சளச் சிற்பியர் தம் பெயரைக் கல்லில் பொறித்தவர்கள். பேலூரில் தாசோஜன், சோமநாதபுரத்தில் மல்லிதம்மன் எனப் பெயர்கள் நிற்கின்றன. உழைத்தவரின் பெயரை மறைக்காத ஒரு மரபை, உழைப்பவரே இல்லாத நிலத்தில் வைத்துக் காட்டுவது பொருந்தாமை ஆகும்.

குரல் பற்றியும் ஒரு குறிப்புக் கூறுதல் தகும். குளோயிக்குக் குரல் கொடுத்தவர் ஆஸ்திரேலிய நடிகை கிளாடியா பிளாக். கதை உரையாடல்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை. தமிழ்ப் பின்னணியுடைய ஒரு குரல் இதில் முதன்மை பெறுவது படைப்பாளர் பெயர்கள் ஓடும் இறுதிப் பகுதியில்தான். ஈழத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சிறுமியாகப் போர்ச்சூழலை விட்டு லண்டன் சென்ற எம்.ஐ.ஏ. எனப்படும் மாதங்கி அருள்பிரகாசம் 2015-இல் வெளியிட்ட ‘பார்டர்ஸ்’ என்னும் ஆங்கிலப் பாடல் ஆங்கு ஒலிக்கிறது. எல்லைகளால் தடுக்கப்படும் அகதிகளைப் பற்றிய பாடல் அது. ஆளில்லா நிலத்தில் பல மணி நேரம் உலவியபின், நிலமிழந்தோரைப் பற்றிய பாடலைக் கேட்கிறோம். படைப்பாளர் இம்முரணைக் கருதி அமைத்தனரா என்பது வேறு. நமக்கு அது தைக்கிறது.

திணைக் கோட்பாட்டு நோக்கில்

அமெரிக்க நிறுவனம் ஒன்று தொல்காப்பியத்தைப் பின்பற்றவில்லை எனக் குறை கூறுவது நம் நோக்கம் அன்று. ஏ. கே. இராமானுசன் 1967-இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு நூலின்வழி உலகறிந்த திணைக் கோட்பாடு, நிலத்தைக் களமாகக் கொண்ட எக்கலையையும் விளக்கத் துணைபுரியும் கருவி என்ற அளவிலேயே ஈண்டு எடுத்தாளப்படுகிறது.

முதற்பொருள் நிலமும் பொழுதும் ஆகும். இவ்விளையாட்டில் நிலம் உண்டு, பொழுது இல்லை. திறந்த வெளியில் எத்தனை மணி நேரம் திரிந்தாலும் அதே பகலொளி நீடிக்கிறது. குறிஞ்சிக்குரிய யாமம் வருவதில்லை. கூதிரும் முன்பனியும் வருவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் வாழ்வையே ஆளும் பருவமழைக்கு அங்கு இடமில்லை. பொழுதில்லாத நிலம் காட்சியாக நிற்கும், வாழ்விடமாக மாறாது.

கருப்பொருளாகத் தொல்காப்பியம் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவற்றைச் சுட்டுகிறது. இவற்றுள் தெய்வம், விலங்கு, மரம் ஆகியன இவ்விளையாட்டில் சிறப்பாக அமைந்துள்ளன. இடிபாட்டில் சிக்கிய யானையை இருவரும் விடுவித்து அதன்மீது ஏறிச் செல்லும் பகுதி நெஞ்சில் நிற்பது. உணவு, தொழில், பறை, யாழ் ஆகியன அம்மலைவெளியில் இல்லை. இல்லாதவை யாவும் மனிதர் கைப்பட்டவை என்பதை நோக்குக. நாற்கவிராச நம்பி கருப்பொருளைப் பதினான்காக விரித்தபோது ஊரையும் அங்கு வாழும் உயர்ந்தோரையும் அல்லாதோரையும் சேர்த்தார். ஊரும் மக்களும் இன்றி நிலம் நிறைவு பெறாது என்பதை அவ்விரிவு உணர்த்துகிறது.

உரிப்பொருள் இவ்விளையாட்டில் இல்லாமலில்லை. தந்தையைப் பிரிந்த துயரும் தோழமையின் வளர்ச்சியும் உண்மையானவை. ஆனால், அவ்வுணர்வு வண்டியில் அமர்ந்த இருவரின் பேச்சிலிருந்தே பெரிதும் பிறக்கிறது. நிலம் அதற்குத் தூண்டுதல் மட்டும் தருகிறது. முதலும் கருவும் உரியும் ஒன்றோடொன்று பின்னிப் பிணையவில்லை. இதுவே நம் முடிபு.

மாற்றுக் கருத்தும் மறுமொழியும்

மக்களில்லாமை குறை அன்று, நாகரிகமே என்று வாதிடுவோரும் உளர். சுடுவதே முதன்மைச் செயலான விளையாட்டில் ஊரையும் மக்களையும் அமைத்தால், ஆடுபவர் அவர்களையும் சுடக்கூடும். ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ வரிசையில் வழிப்போக்கரைத் தாக்குவதே பலருக்குப் பொழுதுபோக்காயிற்று. அதனினும் ஆளில்லா நிலம் மேல் அன்றோ என்பது அவர்தம் வினா. இவ்வாதத்தில் நேர்மை உண்டு. ஆயினும், சிக்கல் மக்களை வைப்பதில் இல்லை. நிலத்தில் செய்யத்தக்க செயல் சுடுதல் ஒன்றே என வகுத்ததில் உள்ளது. ‘பார்த்தா சுடணும்’ என்று அம்மாணவர் கூறியது அவர் குற்றமன்று. விளையாட்டு அவருக்குக் கற்பித்த இலக்கணம் அது.

மாற்று வழி உண்டு என்பதற்கு இரு சான்றுகள் தரலாம். பண்டைய எகிப்தைக் களமாகக் கொண்டு 2017-இல் வெளிவந்த ‘அசாசின்ஸ் கிரீட்: ஒரிஜின்ஸ்’ விளையாட்டுக்கு, 2018-இல் ‘டிஸ்கவரி டூர்’ என்னும் பகுதி சேர்க்கப்பட்டது. அதில் சண்டை முற்றாக நீக்கப்பட்டது. உழவரும் கைவினைஞரும் வாழும் நிலத்தில் நடந்து, அவர்தம் வாழ்வை அறியலாம். ஆசிரியர் வகுப்பறையில் பயன்படுத்தத்தக்க வடிவம் அது.

மற்றொன்று, கனடாவின் டொரோண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட ‘வெண்பா’. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதையைச் சமையலின்வழிச் சொல்லும் சிறிய விளையாட்டு. 2024-இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருதுகளுள் சிறந்த அறிமுகப் படைப்புக்கான விருதைப் பெற்றது. அதில் மலையில்லை, ஜீப்பு இல்லை, பரந்த வெளி இல்லை. ஒரு சமையலறையே களம். தாயின் குறிப்பேட்டில் அழிந்துபோன எழுத்துகளை ஊகித்து இட்டிலியும் புட்டும் சமைக்கும்போது, உணவும் தொழிலும் மொழியும் பிரிவும் ஒன்றாகின்றன. கருப்பொருளிலிருந்து உரிப்பொருள் பிறக்கிறது. பல நூறு பேர் உழைத்து எழுப்பிய மலைநாடு எட்டாத இடத்தை, சிறு குழு ஒன்று எழுப்பிய சமையலறை எட்டியுள்ளது. எனினும், ‘வெண்பா’ நூல் பிடித்தாற்போன்ற ஒற்றை வழிக் கதை. ஆடுபவர் தாமே தேடியலையும் விடுதலை அதில் இல்லை. முன்னதன் பரப்பும் பின்னதன் நிறைவும் கூடிய படைப்பு இனித்தான் வர வேண்டும்.

முடிவுரை

‘அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி’ தென்னிந்திய மலைநிலத்தை உலகின் கண்முன் நிறுத்திய பெருமுயற்சி. நிலத்தைப் படிக்கக் கற்பிப்பதிலும், இரு பெண்களின் தோழமையைச் சித்திரிப்பதிலும், தொன்மத்தைக் கதையோடு இயைப்பதிலும் அது வெற்றி பெற்றுள்ளது. அந்நிலத்தில் வாழ்வோரை நீக்கியதிலும், வாழும் மரபைத் தொலைந்த மரபாக்கியதிலும், பொழுதையும் தொழிலையும் விட்டுவிட்டதிலும் அது தவறியுள்ளது.

இக்குறைகள் நமக்கு ஏன் முக்கியம் என்பதையும் கூறுதல் வேண்டும். அசாம் ஜாவா, ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம் ஆகிய வட்டாரங்களில் வளரும் நம் பிள்ளைகளுக்குச் சுற்றிலும் தெரிவது ஆளில்லாச் செம்பனைக் காடு. அதனை வெட்டித் திருத்தியவர் யார், சாலை போட்டவர் யார், லயங்கள் எங்கிருந்தன என்பதைச் சொல்லும் முதியோர் குறைந்து வருகின்றனர். ஆளில்லா நிலத்தை இயல்பென ஏற்கும் கண், திரையில் அதனைக் காணும்போதும் ஐயுறாது. திரையில் ஐயுறாத கண் தன் ஊரிலும் ஐயுறாது.

ஆகவே, தமிழாசிரியர்கள் இத்தகைய விளையாட்டுகளை ஒதுக்காமல் பாடமாக்க முன்வருதல் நலம். திணைக் கோட்பாட்டைக் கற்பிக்கும்போது, இந்நான்காம் இயலை மாணவர்க்குக் காட்டி, முதல், கரு, உரி ஆகியவற்றுள் எவை உள, எவை இல எனப் பட்டியலிடச் செய்யலாம். அதன்பின், தத்தம் குடும்பத்தார் வாழ்ந்த தோட்டத்தின் வரைபடத்தை, முதியோரிடம் கேட்டு அவர்களே வரையுமாறு பணிக்கலாம். பெரட்டுக் களம், பால் கொட்டகை, மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, லயங்களின் வரிசை, ஒவ்வொரு வீட்டிலும் வாழ்ந்தோர் பெயர் என அப்படம் நிறையட்டும். நாளை நம் மாணவர் எவரேனும் விளையாட்டுப் படைப்பாளராக வருவாராயின், அவர் எழுப்பும் உலகுக்கு அப்படங்கள் முதற்பொருளாக அமையும். அசாம் ஜாவாவில் நாம் சந்தித்த மாணவரிடம் இப்பணியைக் கூறி வந்தோம். சாலையை யார் போட்டது என்ற பாட்டியின் கேள்விக்கு விடையெழுதுவதிலிருந்து அவர் தொடங்கலாம்.